சிங்கப்பூர் நாலு மணி நேரம்தானா?

பெரியவளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் கிளம்புகிறேன் என்றதும் எங்கள் காஞ்சிபுரம் தெருவில் எல்லோருக்கும் ஒரே பாட்டுதான். "என்ன மாமி, நாலு மணி நேரம்தானே! மதுரைக்கு பஸ்ஸில் போகிற நேரத்தில் பாதி!"

அவர்கள் சொல்வது நிஜம்தான். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஆகாய வழியில் சுமார் 2,900 கி.மீ. நடுவில் வங்கக் கடல், அந்தமான் கடல். விமானம் உயரே போனபின் மணிக்கு 800, 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. ஏற, இறங்க ஆகும் நேரத்தையும் சேர்த்தால் நாலிலிருந்து நாலரை மணி. அந்தக் காலத்தில் 'ராஜுலா' கப்பலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு வாரமாம். அதை நினைத்தால் நாமெல்லாம் மகாராணிகள்!

ஆனால் டிக்கெட்டைப் பாருங்கள். இரவு 11.15-க்குப் புறப்பாடு, காலை 6 மணிக்குச் சிங்கப்பூர். ஏழு மணி நேரம் போலத் தெரிகிறதல்லவா? அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. அங்கே ஆறு என்றால் நம் வீட்டில் மூன்றரைதான். தூக்கத்தில் இரண்டரை மணி திருட்டுப் போகிறது!

என்னைக் கேட்டால், வாசலிலிருந்து வாசல்வரை எண்ணுவதுதான் பெண்களுக்கு உதவும் கணக்கு. மூன்று மணி முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டுமென்பதால் மாலை ஆறுக்கே வீட்டைப் பூட்டினேன். இறங்கியபின் பாஸ்போர்ட் சோதனை, பெட்டி, டாக்ஸி எல்லாம் முடிந்து மகள் வீட்டு மணியை அடித்தபோது நம் நேரப்படி விடிகாலை ஐந்து. ஆகப் பதினோரு மணி நேரம்! சாப்பாடு, மருந்து எல்லாம் இதற்குத்தான் திட்டம் போட வேண்டும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எனக்குக் கைகொடுத்தது. இங்கே இரவு ஒன்பதுக்குப் போடும் பி.பி. மாத்திரை அங்கே பதினொன்றரைக்கு வருகிறது; எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். இன்சுலின் போடுகிறவர்கள் அதை மருந்துச் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

என் பக்கத்து ஸீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். ஏறும்போது குழந்தை தூங்கிப்போனதால் பாலை எடுத்து வைத்துவிட்டாள். விமானம் இறங்க ஆரம்பிக்கும் கடைசி அரை மணியில் காதடைக்கும். அப்போது சப்பி விழுங்கினால் காது திறந்துகொள்ளும். அந்த நேரம் பார்த்துக் கொடுத்தாள் பாருங்கள், குழந்தை சிணுங்கக்கூட இல்லை. கெட்டிக்காரி! சளி பிடித்த குழந்தையென்றால் புறப்படும் முன் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

திரும்பும்போது இன்னும் வேடிக்கை. இரவு 8 மணிக்கு அங்கே ஏறினால் 9.45-க்குச் சென்னை என்று டிக்கெட் சொல்லிற்று. "ஒன்றே முக்கால் மணியில் வந்துவிடுவாயா?" என்று இவர் போனில் கேட்டார். "இரண்டரையைக் கூட்டிக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் வந்துசேர நடுநிசி தாண்டிவிடும், எனக்குக் கொஞ்சம் மோர்சாதம் மூடி வையுங்கள்" என்றேன்.