டைமர் சொன்னதும் விளக்கு செய்ததும்

வெண்புள்ளிக்கான ஒளிச்சிகிச்சையில் மருத்துவர் எழுதித் தருவது ஆற்றலின் அளவு. இயந்திரம் அறிந்ததோ நேரம் மட்டுமே. சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிவாட் வீதம் புற ஊதா ஒளி விழும் அறையில் 120 வினாடி நின்றால் 240 மில்லிஜூல். நேரம் தவறினால் மருந்தளவே தவறும்.

ஹைதராபாத்தில் நான் வாரம் இருமுறை செல்லும் சிகிச்சைக்கூடத்தில் சென்ற மாதம் இது நேர்ந்தது. ஒரு நாளில் அடங்கவேண்டிய சிவப்பு மூன்றாம் நாளும் எரிந்தது. அளவை உயர்த்தவே இல்லை என்றார் இயக்குபவர். அட்டையும் அதையே சொன்னது. அடுத்த முறை உள்ளே நின்றபோதுதான் கவனித்தேன்: பீப் ஒலித்த பின்னும் குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

வெற்று அறையை மூன்று முறை இயக்கிப் பார்க்கக் கேட்டேன், அவரும் இசைந்தார். கைப்பேசியின் ஸ்டாப்வாட்சில் பீப் மூன்று முறையும் 120ஆம் வினாடியில் ஒலித்தது. விளக்குகள் அணைந்ததோ 120, 131, 148 வினாடிகளில். ஆக, டைமர் பழுதில்லை. டைமரின் ஆணையைக் கேட்டு மின்னோட்டத்தைத் துண்டிக்கவேண்டிய காண்டாக்டர்தான் சூடேறச் சூடேற ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்த தொழில்நுட்பர், அதன் தொடுமுனைகள் கருகிக் குழிந்திருந்ததைக் காட்டினார். மாற்றியாயிற்று.

28 வினாடி அற்பமாகத் தோன்றலாம். அது 56 மில்லிஜூல். ஏறத்தாழ 23 விழுக்காடு மிகை. ஓர் அமர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே வழக்கமாகக் கூட்டுவதே 10 முதல் 20 விழுக்காடுதான். அமெரிக்காவில் தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளப் படுக்கும் டேனிங் படுக்கைக்கே, டைமரின் பிழை அதன் உச்ச நேரத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றும், படுத்திருப்பவர் தாமே அணைக்க வழி வேண்டும் என்றும் விதி உண்டு.

மொழியியல் படிப்பவளுக்கு இதில் ஓர் உறுத்தல். பீப் என்பது 'முடிந்தது' என்னும் கூற்று. முடிந்துவிட்டது என்பதற்கு அது சான்றன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதால்தான் பிழை ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்த அறையில் எனக்கு அடுத்து நிற்பவள் ஒரு பள்ளிச் சிறுமி.

இத்தகைய சிகிச்சையில் இருப்போர் ஒலியை அன்று, ஒளி அணைவதை எண்ணுங்கள். மிகை நேர்ந்தால் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த அளவு அதைப் பார்த்தே முடிவாகும். என் அட்டையில் அந்த நாள்கள் எல்லாம் இன்னமும் 240 என்றே இருக்கின்றன. திருத்தக் கோரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.