ஏழு குழிகள்

இலுப்பூர்க்காரர்களுக்கு மலை என்றால் விராலிமலைதான். படி ஏறு, முருகனைக் கும்பிடு, மயிலைப் பார், பஸ்ஸைப் பிடி. எனக்கு மலை என்றால் எதிர்த்திசையில், அன்னவாசலைத் தாண்டி இருக்கும் சித்தன்னவாசல். கோடை லீவில் இருட்டோடு சைக்கிளை மிதித்தால் வெயில் ஏறுமுன் அடிவாரத்துக்குப் போய்விடலாம்.

உயரம் எழுபது மீட்டர் தேறினால் அதிகம். ஆனால் மொட்டைப்பாறை. பகல் வெயிலில் காய்ந்து, இரவில் குளிர்ந்து, மேல்பாறை வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக விட்டுக்கொண்டே இருக்கும். தட்டினால் சில இடங்களில் டொக் டொக்கென்று உள்ளே வெற்றாகக் கேட்கும். அங்கே கால் வைக்கக் கூடாது.

"செருப்பக் கழட்டி இடுப்புல சொருவுடா" என்பார் மாமா. பாதம் முழுசாகப் பதிந்தால் கருங்கல் வழுக்காது. பயந்து குதிகாலைத் தூக்கினால்தான் வழுக்கும்.

மேலே சமணத் துறவிகள் தங்கிய குகைக்கு ஏழடிப்பட்டம் என்று பேர். அந்தப் பேரே ஏறுவதற்குப் பாறையில் வெட்டிய ஏழு குழிகளால் வந்தது. ஒரு குழியில் பாதி பாதம்தான் கொள்ளும். விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்றிருக்கும். இப்படிப் பாறையைக் குடைந்து ஏறிய கதை வேறு ஊரிலும் உண்டு. அமெரிக்காவின் ஹாஃப் டோம் என்ற கருங்கல் சிகரம் 2,694 மீட்டர். யாராலும் ஏற முடியாது என்றிருந்த அதில் 1875இல் ஜார்ஜ் ஆண்டர்சன் என்பவர் பாறையைத் துளைத்து, இரும்பு வளையம் அடித்து, கயிறு கட்டி ஏறினார். நம்மூர்ச் சமணர்களிடம் கயிறு இருந்ததோ என்னவோ, உளி இருந்திருக்கிறது. அவர்கள் ஏறியது உச்சியில் நிற்க அல்ல, படுக்க.

குகைக்குள் தலைமாட்டில் கல் தலையணை மேடிட்ட பதினேழு படுக்கைகள். பெரிய படுக்கையின் ஓரத்தில் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய தமிழி எழுத்து. எருமைநாட்டுக் குமிழூரில் பிறந்த ஒருவருக்காகச் செய்தது என்கிறது. நான் கைவைத்துப் பார்த்த மே மாதத்தில்கூட அந்தக் கல் சில்லென்றிருந்தது. வெளியே பாறையில் கால் வைக்க முடியாத சூடு.

இப்போது கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். நல்லதுதான், கீழே பார்த்தால் தலை சுற்றும். வருகிறவர்கள் பெரும்பாலும் இதே மலையில் இருக்கும் அறிவர் கோயில் என்ற குடைவரையின் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் ஏழடிப்பட்டத்துக்கு ஏறச் சொல்கிறேன். ஓவியம் நிழலில்தானே இருக்கிறது, உச்சி வெயிலிலும் பார்க்கலாம்.