ஐந்து குண்டுகளின் சான்று

கடந்த ஓராண்டில் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைவிட ஒரு சிறு ஈயத் துண்டே என் கவனத்தைக் கூடுதலாகப் பறித்துக்கொண்டது. இதை இங்கே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நெறியாளர் இப்பதிவைப் படிக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. நேரில் சொல்ல வேண்டியதை எப்படியும் சொல்லத்தான் போகிறேன்.

என்னிடம் இருப்பது பிசிபி வகைக் காற்றுத் துப்பாக்கி. உருளையில் காற்றை முன்கூட்டியே அழுத்தி அடைத்துவைத்துச் சுடுவது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி ஆற்றல் 20 ஜூலையும் குழல் விட்டம் 4.5 மி.மீட்டரையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. என்னுடையது அந்த வரம்புக்குள் அடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்காரெட்டிப் பக்கம் ஒரு நண்பரின் மாந்தோப்பில், மண்மேட்டைப் பின்னே வைத்துக் காகித இலக்கைச் சுடுவோம். பறவைகளையோ அணில்களையோ சுடுவதில்லை. அந்தக் கேள்வி தவறாமல் வருவதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இத்துப்பாக்கிக்கு வழக்கமான குண்டு பெல்லட். இடை சிறுத்து, பின்புறம் பாவாடைபோல் விரிந்து உட்குழிந்திருக்கும். இறகுப்பந்து எவ்வாறு தன் பின்பகுதியின் காற்றுத்தடையாலேயே நேராகப் பறக்கிறதோ, ஏறத்தாழ அவ்வாறே இதுவும் பறக்கும். ஸ்லக் வேறு சாதி. இடையில்லாத திண்ணிய உருளை. காற்றுத்தடை குறைவு, ஆகவே வேகத்தை எளிதில் இழக்காது, பக்கக்காற்றுக்கும் அவ்வளவாக விலகாது. ஆனால் பம்பரத்தைப் போல, சுழற்சி போதாவிட்டால் தள்ளாடும். (ஸ்லக் என்றால் ஆங்கிலத்தில் ஓடற்ற நத்தை, லைனோடைப் இயந்திரம் வார்த்த ஈய வரிக்கும் அதே பெயர். துருக்கியிலிருந்து வந்த துப்பாக்கியே நம் சொல்லாகிவிட்டபின், ஸ்லக்கைத் தமிழாக்க எனக்கு மனம் வரவில்லை.)

குழலினுள் வெட்டப்பட்ட முறுக்குப் பள்ளங்களே அந்தச் சுழற்சியைத் தருகின்றன. என் குழலில் 450 மி.மீட்டருக்கு ஒரு சுற்று. ஒரே விட்டத்தில் எடை கூடினால் நீளம் கூடும். நீளம் கூடினால் இன்னும் விரைவான முறுக்கு தேவைப்படும். போதாக்குறைக்கு நம் சட்ட வரம்பு. 19 ஜூல் ஆற்றலில் 0.55 கிராம் பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 260 மீட்டர் வேகத்தில் கிளம்பும், 0.65 கிராம் ஸ்லக்குக்கு 240 தான் கிடைக்கும். அடுத்தது விட்டம். ஸ்லக்குகளை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குல வேறுபாட்டுக்கே தனி அளவாக விற்பார்கள். தளர்ந்திருந்தால் பள்ளங்களைப் பற்றாது. இறுகியிருந்தால் அந்த அழுத்தத்துக்கு நகரவே தயங்கும். ஆகவே மென்மையான ஈயத்தைக் குழலினுள் மெல்லத் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்தேன். குழல் முனையில் சற்றே இறுக்கம் தெரிந்தது. பெல்லட்டுக்கு நன்மையான அந்த இறுக்கம் ஸ்லக்குக்குப் பெரும்பாலும் உதவாது.

இவ்வளவும் தெரிந்தே ஆறு வகை ஸ்லக்குகளை வரவழைத்தேன். அப்போது ஆய்வு உதவித்தொகை நான்கு மாதமாக நிலுவையில் இருந்தது. அந்தப் பணத்தை எங்கிருந்து எடுத்தேன் என்பது என் அறைத்தோழனுக்குத் தெரியும்.

ஒவ்வொரு வகையிலும் ஐந்து முறை, 25 மீட்டரில். நான்காம் வகையின் ஐந்து துளைகளும் 9 மி.மீட்டருக்குள் அடங்கின. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுத்து இங்கே பதிவிட்டேன். உங்களில் பலர் வாழ்த்தினீர்கள். மறுவாரம் அதே ஸ்லக், அதே துப்பாக்கி, காற்றில்லாத காலை: 17, 12, 14. அவற்றை நான் பதிவிடவில்லை. துப்பாக்கியைக் கழுவியது காரணம், காற்றழுத்தம் காரணம், நான் சரியாகத் தூங்காதது காரணம் என்று வரிசையாகக் கண்டுபிடித்தேன்.

உண்மைக் காரணம் எளியது. ஐந்து குண்டுகளின் பரவல் இயல்பிலேயே பெரிதும் ஏறியிறங்கும். எதுவும் மாறாமலேயே ஒருமுறை 9, மறுமுறை 16 வரலாம். ஆறு வகைகளை ஒவ்வொரு முறை மட்டும் சுட்டால், எல்லாம் ஒரே தரமாக இருந்தாலும் ஏதேனும் ஒன்று மற்றவற்றை வென்றதுபோலத் தெரிந்தே தீரும். ஆகவே நான் தேர்ந்தெடுத்தது சிறந்த ஸ்லக்கை அல்ல, அதிர்ஷ்டமான ஒரு காலையை. பிறகு பத்துப் பத்தாகப் பலமுறை சுட்டுப் பார்த்தபோது, என் குழலில் அந்த ஸ்லக் சாதாரணப் பெல்லட்டைக்கூட வெல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் செலவு என்னுடையது மட்டுமே. என் துறையில் முதுகலை பயிலும் கரூர்ப் பெண் ஒருத்தி 10 மீட்டர்ப் போட்டியில் சுடுகிறாள். அதில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி போகும், 60 குண்டுகள். போட்டிக்கான பெல்லட்டுகள் 4.49, 4.50 எனத் தலை விட்டம் பிரித்தும், தயாரிப்புத் தொகுதி எண்ணிட்டும் வரும். எந்தத் தொகுதி தன் குழலுக்குப் பொருந்தும் என்று என்னிடம் கேட்டாள். இரு தொகுதிகளையும் ஐந்தைந்து முறை சுட்டுப் பார்த்துவிட்டு, பெரிய நிபுணனைப் போல ஒன்றைக் காட்டினேன். தன் சேமிப்பில் பத்து டப்பாக்கள் வாங்கினாள். பயிற்சியில் 618 வரை சுட்டவள் போட்டியில் 611 எடுத்தாள்.

பெல்லட்டால்தான் குறைந்ததா என்பதை யாராலும் சொல்ல முடியாது. போட்டி நாளின் பதற்றம் தனிக் கணக்கு. ஆனால் பின்னர் அவள் துப்பாக்கியை இடுக்கியில் பொருத்தி, இரு தொகுதியிலும் நூறு நூறு சுட்டு அளந்தோம். அவள் முன்பு வைத்திருந்ததே மேலானது. வேறுபாடு சிறிதுதான். சிறிதே என்றாலும் நான் சொன்னதற்கு நேர்மாறான திசையில்.

பணத்தைத் தருகிறேன் என்றேன். "வேண்டாண்ணா. மிச்சம் ஏழு டப்பா இருக்கு, பயிற்சிக்கு அதையே சுட்டுக்கிறேன். அடுத்த தடவ எத்தனை சுட்டுப் பாத்தீங்கன்னு முதல்ல கேட்டுக்கிறேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு மூன்றாம் இயலைத் திறந்தேன். பன்னிரண்டு பேச்சாளர்கள், நாற்பது சொற்கள், ஒவ்வொரு சொல்லும் ஐந்து முறை. குறில் நெடில் கால அளவுக்கு, அந்த ஐந்தில் 'தெளிவாக ஒலித்த' ஒன்றை மட்டும் எடுத்து அளந்திருந்தேன். எது தெளிவு என்பதை முடிவு செய்தவன் நானே. எந்த விடை வந்தால் என் வாதம் நிற்கும் என்று அறிந்திருந்தவனும் நானே.

அளக்காமல் விட்டவை 1,920. இன்று காலை வரை 310 முடித்திருக்கிறேன். முதல் பேச்சாளரிடமே நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள இடைவெளி, நான் எழுதியிருந்ததைவிடச் சுருங்கியிருக்கிறது. திங்கட்கிழமை நெறியாளரைப் பார்க்கிறேன்.