மூப்பர்

மன்னார்த் தீவின் கத்தோலிக்கக் கடலூர்களிலே ‘மூப்பர்’ என்றொரு பதவி உண்டு. ஊதியமில்லாப் பதவி. திருவிழாவுக்குப் பணம் திரட்டுவதும், கோயிற் கணக்கை எழுதி வைப்பதும், மரணவீட்டில் முதலாளாய்ச் சென்று நிற்பதும், குருவானவர் ஊரில் இல்லாத வேளையிற் செபமாலையைத் தொடங்கி வைப்பதும் அவர் கடமைகளாம். ‘தியாக்கோன்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பணியாளன் என்பதே பொருள். ஆதித் திருச்சபையில் எழுவர் தெரியப்பட்டது பந்தியிலே விதவையர்க்குக் குறையின்றி உணவு கிடைக்கும் பொருட்டே என விவிலியம் கூறும். மூப்பர் திருநிலை பெற்றவரல்லர். வலை இழுக்கும் இல்லறத்தார். எனினும் செய்யும் தொழிலை நோக்கின் இருவரும் ஓரினமே என்பது எம் கருத்து.

சைவராகிய உமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று வாசகர் வினவலாம். 2005ஆம் ஆண்டு ஆசிரியப் பணியேற்று மன்னாருக்குச் சென்ற எமக்குத் தங்க இடந்தந்தவர் ஒரு மூப்பர். பேசாலைக்கு அயலிலுள்ள சிற்றூர் அவருடையது. மீன் வாடை நீங்காத அவ்வீட்டில் எமக்கெனப் புதுச்சட்டி ஒன்று வாங்கி, அதில் மச்சம் படாமல் இரண்டாண்டுகள் காத்தனர். அச்சட்டியை எவரும் ஒரு பெருமையாகப் பேசியதில்லை.

இரவிலே திண்ணையில் வலை பொத்தியபடி அவர் பழங்கதை சொல்வார். 1544இல் சங்கிலி மன்னன் மன்னாரிலே புதிதாக மதம் மாறிய ஏறத்தாழ அறுநூறு பேரைக் கொல்வித்த வரலாற்றை எம்மிடம் முதன்முதற் கூறியவர் அவரே. யாம் சற்றுத் தலைகுனிந்தோம். “மாஸ்டர், அது அரசன் செய்தது, நீங்கள் சோற்றைச் சாப்பிடுங்கள்” என்றார். அவர் விரும்பிச் சொன்னது அதற்குப் பிந்திய கதை. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிக் குருமாரை விலக்கினர். 1687இலே யோசவ் வாஸ் அடிகள் கோவையிலிருந்து மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, முப்பதாண்டுக்கு அணித்தான காலம், இக்கரையிற் பூசை வைப்பாரில்லை. மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா திருவுருவத்தை மடுக் காட்டுக்குச் சுமந்து சென்றது அவ்விடைக்காலத்தில், 1670இல். “சாமியார் இல்லாத காலத்தில் கோயிலைக் காத்தவன் யார்? எங்களைப் போன்ற மீன்காரன்தானே!” என்று சொல்லி மூப்பர் சிரிப்பார். வாஸ் அடிகளும் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் அமர்த்தியே தம் பணியை நடத்தினார். 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவ்வடிகளைப் புனிதராக்கிவிட்டு அன்றே மடுவுக்கு எழுந்தருளியபோது, கூட்டத்தின் கடைக்கோடியில் எம் மூப்பரும் நின்றார்.

வீட்டிலே அவர் அத்துணை இனியவர் அல்லர். முன்கோபம் மிகுதி. செபமாலை முடியாமல் பிள்ளைகளுக்கு இராச்சோறு கிடையாது. “கோயிலுக்கு ஓடு போட்டாயிற்று, எங்கள் கூரைக்கு இன்னும் ஓலைதான்” என்று அவர் மனைவியார் எம்மிடம் முறையிட்டதுண்டு. முறையீடு முழுவதும் நியாயமே. ஐந்து பிள்ளைகளில் இளையவன் மட்டும் தந்தைக்கு அஞ்சாதவன். செபத்தின் நடுவே நழுவிச் சென்று அயல்வீட்டில் கிரிக்கெட் கேட்பான். அவனைத் தேடிச் செல்லும் மூப்பர், தாமும் ஓட்டம் எத்தனை என்று விசாரித்துவிட்டே திரும்புவார்.

2006 ஜூன் 17ஆம் நாள் பேசாலைக் கடலிற் சண்டை மூண்டது. வெற்றி மாதா ஆலயத்துள் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது கைக்குண்டு வீசப்பட்டது. மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். மறுநாள் மூப்பர் அங்கே சென்று, மாலையில் ஒன்றும் பேசாமல் வந்து கிணற்றடியில் நெடுநேரம் கைகழுவிக்கொண்டிருந்தார். அவ்வாண்டிலேயே இளைய மகன் மேசன் வேலை தேடி வன்னிக்குச் சென்றான். 2009 மே மாதத்துக்குப் பின் அவனைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 146,679 பேரின் கதி யாதெனக் கேட்டார். அரச செயலகங்களின் கணக்கின்படி 2008 அக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தோர் 429,059; அரசின் பக்கம் வந்து சேர்ந்தோர் 282,380. எஞ்சியது அத்தொகை. மூப்பர் கோயிற் கணக்கு எழுதிப் பழகியவர். பத்திரிகை ஓரத்தில் அக்கழித்தலைத் தாமே பென்சிலாற் செய்து பார்த்துவிட்டு, “ஆண்டவரின் கணக்குச் சரி” என்று மட்டும் சொன்னார்.

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் நினைவு நாளில், சேமக்காலையைத் துப்புரவாக்கி, உறவினர் அற்ற கல்லறைகளுக்கும் மெழுகுதிரி ஏற்றுவது அவர் வழக்கம். மகனுக்கென ஒரு திரி ஏற்றினாரில்லை. ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுக்கலாமே என்று குருவானவர் பரிவோடு கேட்டபோது, “சாமி, சுகத்துக்காக ஒப்புக்கொடுங்கள்” என்றார். கீழ்ப்படிதலையே வாழ்வாகக் கொண்டிருந்தவர் குருவின் சொல்லைத் தட்டியது எம் அறிவுக்கு எட்டியவரை அந்த ஒரு முறைதான்.

2019 மார்ச் 3ஆம் நாள், சிவராத்திரிக்கு முந்தின தினம், திருக்கேதீச்சரத்து வீதி வளைவை மாந்தையிற் சிலர் பிடுங்கி எறிந்தனர். சைவரும் கத்தோலிக்கரும் முகங்கொடுத்துப் பேசாத நாள்கள் அவை. எம் மனமும் கொதித்தே இருந்தது. அன்றிரவு மூப்பர் தொலைபேசியில் அழைத்தார். “மாஸ்டர், நாளைக்குக் கேதீச்சரம் போகாமல் இருந்துவிடாதீர்கள். எங்கள் ஆட்களால் வந்த வெட்கம் இது” என்றார். சமாதானக் கூட்டங்கள் பலவற்றுக்குப் பின்னர் யாம் சென்றதுண்டு. அங்கே கேட்ட சொற்களில் ஒன்றேனும் இன்று நினைவில் இல்லை.

ஆயர் 2021 ஏப்ரல் முதலாம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டில் மூப்பரும் சென்றார். மரண அறிவித்தலை எழுதித் தருமாறு மூத்த மகள் எம்மிடம் கேட்டார். பெற்றோர் பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்று எழுதினோம். உடன்பிறந்தார் இருவருக்கும் அவ்வாறே. பிள்ளைகள் வரிசையில் ஐந்தாவது பெயருக்கு வந்ததும் பேனா நின்றது. மகள் தாயாரைப் பார்த்தார்.

“அவர் விட்டபடியே விடுங்கள்” என்றார் அந்த அம்மையார்.

பெயரை மட்டும் எழுதினோம்.