என் தரப்புச் சான்றாவணம்

அந்தப் புகைப்படத்தைத் தாக்கல் செய்தது நான்தான். எதிர்தரப்புச் சான்றாவணம் 3. கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கற்கள்மேல் ஒன்பது பேர் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். பின்னால் கடல், இஸ்திரி போட்ட துணி மாதிரி. வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. படம் எடுத்த நேரம் காலை 9.47 என்று செல்போனில் பதிவாகியிருந்தது. எட்டு நிமிடம் கழித்து ஓர் அலை அந்தக் கற்கள்மேல் ஏறி, வரிசையின் கடைசியில் நின்ற பள்ளி ஆசிரியையைச் சாய்த்தது. வலது கால் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டி, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது.

இவ்வளவு அமைதியான கடலில் இப்படி ஓர் அலை வரும் என்று யார்தான் எதிர்பார்த்திருக்க முடியும்? இதுதான் என் வாதம். அதற்கு இந்தப் படத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று நினைத்தேன்.

என் கட்சிக்காரருக்கு அப்போது இருபத்தேழு வயது. வார இறுதிகளில் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் நடைப்பயணம் நடத்துவார். மீன் ஏலம், வலை பின்னுமிடம், மதியம் மீன்குழம்புச் சாப்பாடு, நடுவில் தூண்டில் வளைவில் நின்று படம். ஆளுக்கு 1,200 ரூபாய். அவர் பிறந்தது கடலுக்குப் பத்துக் கிலோமீட்டர் உள்ளே, வயலும் குளமுமாக இருக்கும் ஊரில். இது பிறகு முக்கியமாயிற்று.

“சார், நான் பாக்காமக் கூட்டிட்டுப் போகல. முந்தின நாள் ராத்திரி போன்ல வானிலை பாத்தேன். காலம்பற ஆறு மணிக்கு நேர்ல போயும் பாத்தேன். அவங்க ஒன்பதரைக்குத்தான் வந்தாங்க. வந்த பிறகும் பத்து நிமிஷம் நின்னு பாத்தேன். கல்லுல ஒரு சொட்டுத் தெறிக்கல.”

நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் பத்து நிமிடம்கூட நின்றிருக்க மாட்டேன்.

ஆசிரியை நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். சேவைக் குறைபாடு. என்னிடம் மூன்று கேடயங்கள் இருந்தன. ஒன்று, கடவுள் செயல். 1876-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான நிக்கோல்ஸ் எதிர் மார்ஸ்லேண்ட் வழக்கைத் தூசி தட்டி எடுத்தேன். யார் நினைவிலும் இல்லாத பெருமழையில் ஒருவருடைய அலங்காரக் குளங்கள் உடைந்து பாலங்களை அடித்துப் போயின. முன்கூட்டி அறிய முடியாத இயற்கைச் சீற்றத்துக்கு அவர் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. இரண்டு, ஒன்பது பேரும் கையெழுத்திட்ட சம்மதப் படிவம். மூன்று, முந்தின இரவு எடுத்த வானிலைச் செயலியின் திரைப்படி. நாகர்கோவில், 31 டிகிரி, தெளிந்த வானம், மெல்லிய காற்று. மின்னணு ஆவணத்துக்கு அப்போது வேண்டியிருந்த 65பி சான்றிதழோடு அதையும் தாக்கல் செய்தேன்.

நுகர்வோர் வழக்குகள் பெரும்பாலும் உறுதிமொழிப் பத்திரங்களோடு முடிந்துவிடும். குறுக்கு விசாரணை அரிது. ஆனால் ஆசிரியையின் வழக்கறிஞர், தொழிலுக்கு வந்து ஐந்தாறு வருடமே ஆன ஒரு பெண், கேட்டு வாங்கினார். கட்சிக்காரரை நிறுத்தி, முதலில் திரைப்படியைக் காட்டினார்.

“இது எந்த ஊர் வானிலை?”

“நாகர்கோவில், மேடம்.”

“இதில் கடல் எங்கே இருக்கிறது?”

கட்சிக்காரர் என்னைப் பார்த்தார். நான் வழக்குக் கட்டைப் புரட்டினேன்.

அடுத்து அவர் கொடுத்த தாள், ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் விபத்துக்கு முந்தின நாள் வெளியிட்ட எச்சரிக்கை. இன்காய்ஸ் என்றால் மீனவர்களுக்குத் தெரியும். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையிலான கடற்கரைக்கு மறுநாள் கடலேற்ற எச்சரிக்கை. அலையின் உயரம் இவ்வளவு, இடைவெளி இத்தனை நொடி. உயரத்தைப் பார்த்து எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஒன்றரை மீட்டருக்குள்தான். அன்று மாலை, கடலியல் படித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் உயரத்தைப் பார்க்கவே இல்லை. “பதினேழு நொடி” என்றார். “இதுல உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?”

தோன்றவில்லை. அவர் விளக்கினார். நம் கரையில் அடிக்கும் காற்று எழுப்பும் அலைகள் ஐந்து, ஏழு நொடிக்கு ஒன்றாக வரும். பதினேழு நொடி இடைவெளி என்றால் அது உள்ளூர் அலையே இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், நமக்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயல் எழுப்பியது. ஆழ்கடலில் அப்படி ஓர் அலை முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு ஏறக்குறைய 450 மீட்டர். படகில் இருப்பவனுக்கு அது தெரியவே தெரியாது. ஏதோ கடல் மெல்ல மூச்சு விடுவதுபோல் இருக்கும். நாலைந்து நாள் பயணம் செய்து கரைக்கு வந்து, தரை தட்டும்போதுதான் நிமிர்கிறது. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது. அதனால்தான் மலையாளக் கரையில் அதற்குக் கள்ளக்கடல் என்று பேர். திருடன் போல் வருவது. யுனெஸ்கோ 2012-ல் அந்தச் சொல்லையே அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது.

“இன்னொண்ணு” என்றார் பேராசிரியர். “இது கூட்டமா வரும். நாலஞ்சு பெரிய அலை, அப்புறம் ரொம்ப நேரம் சும்மா கிடக்கும். உங்க ஆள் பத்து நிமிஷம் நின்னாருன்னா, சும்மா கிடந்த பத்து நிமிஷத்தைப் பாத்திருக்காரு.”

மறுநாள் அலுவலகத்தில் குமாஸ்தா பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். விபத்து நடந்தது அமாவாசைக்கு மறுநாள். ஓதத்தின் ஏற்றம் மிக உயர்ந்தும் வற்றம் மிகத் தாழ்ந்தும் இருக்கும் நாட்கள் அவை. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடுவதே அதிகம். குஜராத்தின் பாவ்நகர்போல் பத்து மீட்டர் இல்லை. ஆனால் கல்லின் தலை தண்ணீருக்கு மேல் ஒன்றரை மீட்டர்தான் நிற்கிறது என்றால், முக்கால் மீட்டர்கூடப் பெரிய சமாசாரம். இந்திய நில அளவைத் துறையின் ஓத அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். கட்சிக்காரர் நேரில் போய்ப் பார்த்த காலை ஆறு மணி வற்றத்தின் நேரம். விருந்தாளிகள் தாமதமாக வந்த ஒன்பதரைக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் சோதித்த கடல் வேறு, கூட்டிப்போன கடல் வேறு. முந்தின வாரம் இதே நேரம் போனோமே என்பதும் உதவாது. ஓதம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்திக்கொண்டே போகிறது.

“பஞ்சாங்கத்தை உள்ளே வையும்” என்றேன் குமாஸ்தாவிடம். ஆபிரகாம் லிங்கன் 1858-ல் ஒரு கொலை வழக்கில் பஞ்சாங்கம் போன்ற ஒரு புத்தகத்தை எடுத்து, நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்ற சாட்சியை உடைத்தார் என்று சட்டக் கல்லூரியில் ரசித்துப் படித்தவன் நான். இங்கே புத்தகம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

இதெல்லாம் இருந்தும் எனக்கு நம்பிக்கை போகவில்லை. இன்காய்ஸ் என்ற பேரையே கேள்விப்படாத ஒரு இளைஞன், பத்து நிமிடம் நின்று கண்ணால் பார்த்தது போதாதா? அப்போது கள்ளக்கடல் என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளில் அவ்வளவாகப் புழங்கவில்லை. 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போன பிறகுதான் எல்லார் வாயிலும் வந்தது.

அடுத்த வாய்தாவில் அந்தப் பெண் வழக்கறிஞர் என் புகைப்படத்தை எடுத்தார்.

“இது நீங்கள் எடுத்த படம்தானே? இடது ஓரத்தில் கரை தெரிகிறதா?”

“தெரியுது.”

“கரையில் எத்தனை வள்ளம் இருக்கிறது?”

கட்சிக்காரர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். மணலில் ஒன்றுகூட இல்லை. எல்லா வள்ளங்களும் மேலே, தென்னைகளுக்கு நடுவே, குருசடிச் சுவரை ஒட்டி ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. நூறு தடவையாவது அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன். கடலைத்தான் பார்த்தேன்.

அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரின் உறுதிமொழிப் பத்திரம் அதன்பின் வந்தது. கட்டுமரக் காலத்திலிருந்து தொழில் செய்பவர். முந்தின நாள் இரவு கோயில் மைக்கில் கடலேற்றம் என்று சொன்னார்கள், விடிவதற்குள் வள்ளங்களை மேலே ஏற்றினோம், அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகவில்லை. ஆணையத்திலிருந்து வெளியே வந்த பிறகு, என் கட்சிக்காரர் இருக்கும்போதே அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னார்: “இந்தத் தம்பி எம் முன்னாலதான் கூட்டிட்டுப் போச்சு. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கேக்கல்ல. படிச்ச புள்ள, தெரிஞ்சுதான் போவுதுன்னு நினைச்சேன்.”

கட்சிக்காரர் பதில் பேசவில்லை. வண்டி நிறுத்துமிடம்வரை தலையைத் தூக்கவுமில்லை.

ஆணை பதினோரு பக்கம். கடவுள் செயல் என்ற வாதம் ஒரே பத்தியில் அடிபட்டது: முந்தின நாளே அறிவிக்கப்பட்டு, ஊரே அறிந்து, வள்ளங்களை ஏற்றி வைத்த ஒன்றை முன்கூட்டி அறிய முடியாதது என்று சொல்ல இயலாது. சம்மதப் படிவம்: தெரிந்த ஆபத்துக்குத்தான் ஒருவர் சம்மதிக்க முடியும், எச்சரிக்கை இருந்ததை ஆசிரியையிடம் யாரும் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு கடலோரம் கூட்டிப்போகிறவர் பார்க்க வேண்டியது அந்தக் கரையின் கடல்நிலையை, பக்கத்து நகரத்தின் வானத்தை அல்ல. இதில் எனக்குப் பிடிக்காத வரி ஒன்று உண்டு: “எதிர்தரப்பினர் தாக்கல் செய்த சான்றாவணம் 3-ஐக் கொண்டே இது தெளிவாகிறது.”

எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. இந்தக் கல்லைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியும் ஆசிரியை இரண்டு கல் தாண்டி நின்றதாக உடன்வந்த ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். அதற்காக ஆறு லட்சத்தில் நாலில் ஒரு பங்கு கழிந்தது. மீதி 4,50,000 ரூபாய், செலவுத்தொகை 10,000. இரண்டு மாதத்துக்குள் கட்டத் தவறினால் 9 சதவீத வட்டி.

மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம். மனுவைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நாற்பதாம் நாள் கட்சிக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். வேனை விற்றிருந்தார். கையில் ஆசிரியை பெயருக்கு எடுத்த 4,60,000 ரூபாய் வரைவோலை இருந்தது.