மீனும் மாசமும்

"மீன் சாப்பிட்டாதான் மூளை வளரும்"னு சின்ன வயசுல நமக்கு முள்ளெடுத்து ஊட்டினவங்களே, மாசமா இருக்கிற பொண்ணு தட்டுல மீனைப் பார்த்தா பதறுறாங்க.

எங்க அக்காவுக்கு இப்போ அஞ்சு மாசம். நாகர்கோவில் பக்கம் பொறந்தவ, மீன் இல்லாம சோறு இறங்காது. யாரோ பாதரசம்னு சொல்லப்போய், மாமியார் வீட்ல மீனையே நிறுத்திட்டாங்க. "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, பார்த்துச் சொல்லுடி"ன்னா. நான் படிக்கிறது மெக்கானிக்கல்! இருந்தாலும் பிராஜெக்ட்டை ஓரங்கட்டிட்டு உட்கார்ந்து படிச்சேன்.

அத்தையோட பயம் பொய் இல்ல. ஜப்பான்ல மினமாட்டா நகரத்துல ஒரு ரசாயன ஆலை கழிவைக் கடல்ல விட்டுச்சு. அதுல இருந்த மெத்தில் பாதரசம் மீன் வழியா மக்கள் உடம்புக்குள்ள போச்சு. 1956-ல நோய் வெளிய தெரிஞ்சது. கொடுமை என்னன்னா, பெரிய அறிகுறி எதுவும் இல்லாத அம்மாக்களுக்குக்கூட மூளை பாதிச்ச குழந்தைங்க பொறந்தாங்க. அந்த விஷம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும்.

ஆனா மீனை அடியோட நிறுத்துறதுலயும் நஷ்டம் இருக்கு. இங்கிலாந்துல பிரிஸ்டல் பகுதியில 11,875 கர்ப்பிணிகள் என்ன சாப்பிட்டாங்கன்னு குறிச்சுவச்சு, அவங்க பிள்ளைகளை எட்டு வயசு வரைக்கும் கவனிச்சாங்க. 2007-ல லான்செட் இதழ்ல முடிவு வந்துச்சு. வாரத்துக்கு 340 கிராமுக்கு மேல கடல் உணவு சாப்பிட்டவங்களோட பிள்ளைகளைவிட, குறைவா சாப்பிட்டவங்களோட பிள்ளைகள்தான் மொழித்திறன் சோதனையில கடைசி வரிசைக்குப் போற வாய்ப்பு அதிகம். இத்தனைக்கும் அந்த 340-ஐத் தாண்டாதீங்கன்னுதான் அமெரிக்க அரசு அப்போ சொல்லிட்டிருந்தது! மீன் மட்டும்தான் காரணம்னு இந்த மாதிரி ஆய்வை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மூளை வளர டிஹெச்ஏங்கிற கொழுப்பு வேணும், மீன்ல அது நிறைய இருக்கு.

அப்போ எந்த மீன்? சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், அதை அதைவிடப் பெருசு தின்னும். ஒவ்வொரு படியிலயும் பாதரசம் சேர்ந்துட்டே போகும். அதனால சாளை (மத்த ஊர்ல மத்தி), நெத்தோலி, அயிலை நல்லது. விலையும் கம்மி. சுறா வேண்டாம்.

அக்கா இதை டாக்டர்கிட்ட கேட்டா. வாரம் ரெண்டு தடவை, நல்லா வேகவச்சு சாப்பிடுன்னு சொல்லிட்டாங்க. அத்தையும் அரை மனசோட சரின்னுட்டாங்க.

இனிமேதான் கஷ்டம். பிரசவம் ஆனதும் பால் ஊற சுறாப்புட்டு செய்யணும்னு எங்க அம்மா இப்பவே திட்டம் போட்டாச்சு. பால் கொடுக்கிறவங்களுக்கும் சுறா வேண்டாம்னுதான் அமெரிக்கப் பட்டியல்ல இருக்கு. அதை அம்மாகிட்ட யார் சொல்றது?