பழைய 407-க்கு டர்போ போடலாமா, சார்?



போன மாதம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பிளஸ் டூவில் என்னிடம் இயற்பியல் படித்தவர். இப்போது தட்டாஞ்சாவடியில் சிமென்ட், கம்பி ஏற்றிக்கொண்டு பாகூர், திருக்கனூர் வரை போய் இறக்குகிறார். வண்டி அவர் அப்பா வாங்கிய டாடா 407. மீட்டர் நாலரை லட்சம் கிலோமீட்டரில் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது.

"சார், வண்டி இழுக்கவே மாட்டேங்குது. அரும்பார்த்தபுரம் பாலம் ஏறவே செகண்ட் கியர் கேட்குது. பம்பைக் கொஞ்சம் கூட்டி வச்சு, பழைய டர்போ ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்னு ஒருத்தர் சொல்றார். போடலாமா சார்?"

முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை என் தம்பி என்னிடம் கேட்டான். அவனும் 407 தான் வைத்திருந்தான். செஞ்சியிலிருந்து நெல் மூட்டை ஏற்றி வருவான். "அண்ணே, பம்பைக் கூட்டினா இழுவை வருமாமே?" என்றான். "டீசல் அதிகம் எரிஞ்சா சக்தி அதிகம். கூட்டச் சொல்லு" என்றேன். பாடம் நடத்துகிறவன் சொன்னால் தப்பாக இருக்காது என்று அவனுக்கு நம்பிக்கை.

பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகுக்குக் கம்பெனி ஈய முத்திரை வைத்து அனுப்பும். அதை உடைத்துத் திருகினார்கள். இரண்டு மாதம் வண்டி பறந்தது. பின்னால் கரும்புகையும் பறந்தது. ஒரு நாள் முழு லோடோடு திண்டிவனம் சாலையில், கிளியனூர் தாண்டி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் ஒரு பிஸ்டனின் தலை உருகிக் குழி விழுந்திருந்தது. கடன் பாதி நிலுவை. வண்டியை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, ஓய்வு வயது வரை அடுத்தவர் வண்டியில் டிரைவராக இருந்தான்.

நான் எங்கே தப்பினேன்? பாதிப் பாடத்தைத்தான் சொன்னேன்.

டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. காற்றைப் பதினேழில் ஒரு பங்காக, அந்த அளவுக்கு நெருக்கும்போது அதன் சூடு 500 டிகிரியைத் தாண்டும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டியது இந்த முறையைத்தான். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது. நம் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய்க்கு மணிலாக்கொட்டை கப்பல் கப்பலாகப் போன காலத்தை ஒட்டிய சங்கதி இது.

ஒரு கிலோ டீசல் எரியச் சுமார் பதினாலரை கிலோ காற்று வேண்டும். சுத்தமாக எரிய அதற்கும் மேலே வேண்டும். பழைய 407 எஞ்சினில் நான்கு சிலிண்டரும் சேர்ந்து 2956 சி.சி. டர்போ இல்லாத எஞ்சின் அதற்கு மேல் காற்றை இழுக்காது. காற்று அதே அளவு, டீசல் மட்டும் கூடுதல் என்றால் மிச்சம் கரியாக வெளியே போகும், உள்ளே சூடு ஏறும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் அலுமினியக் கலவை. இதை வகுப்பில் பலகையில் எழுதியவன்தான் நான். தம்பிக்குச் சொல்லும்போது நினைவுக்கு வரவில்லை.

அதனால் இந்த முறை, "முதல்ல எஞ்சினை அளந்து பார்ப்போம்பா. அப்புறம் டர்போவைப் பேசலாம்" என்றேன். இரண்டு பேரும் மேட்டுப்பாளையத்துக்குப் போனோம். கோயம்புத்தூர் பக்கம் இருப்பதில்லை, நம்முடைய லாரி முனையம் இருக்கும் மேட்டுப்பாளையம். அங்கே எழுபது வயதை நெருங்கும் ஒரு மெக்கானிக். எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே, ஓடி வந்த வண்டியின் நான்கு சக்கரத்தையும் கையால் தொட்டுப் பார்த்தார். பின்பக்கம் ஒன்று கொதித்தது. "பிரேக் பிடிச்சிக்கிட்டே ஓடுது சார். எஞ்சின் இழுக்குது, டிரம் விட மாட்டேங்குது" என்றார். இருபத்தைந்து வருஷம் உராய்வு விசை நடத்திய எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்து ஏர் ஃபில்டர். ஃபில்டர் புதுசுதான். அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடியில் வெடிப்பு. புழுதி அந்த வழியாக நேரே சிலிண்டருக்குள் போகிறது. உப்புத்தாள் போலத் தேய்த்து ரிங்கையும் லைனரையும் தின்றுவிடும்.

அப்புறம் நாசில்களைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் வைத்து கம்ப்ரஷன் பார்த்தார். 26, 25, 18, 26. மூன்றாவது சிலிண்டர்தான் சோடை. அதில் சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்துக் கணக்கு ஏறும். ஏறவில்லை. "ரிங் இல்ல சார், வால்வு" என்றார். ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காராமல் ஓரம் கருகியிருந்தது. பம்பு லேபில் நாசில்களைச் சோதித்ததில் இரண்டு, தூவுவதற்குப் பதிலாக ஒழுகின.

வால்வு மாற்றி உட்கார வைத்தோம். புது கேஸ்கெட், டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட், இரண்டு நாசில், ரப்பர் குழாய், பிரேக் வேலை, ரேடியேட்டர் சுத்தம். பம்புத் திருகைத் தொடவே இல்லை. செலவு டர்போவுக்குக் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. இப்போது அதே பாலத்தைத் தேர்டு கியரில் ஏறுகிறார். அதற்குமேல் என்ன டியூனிங் வேண்டும்?

டர்போ கெட்டது என்று சொல்லவில்லை. வெளியே போகும் புகையின் வேகத்தில் காற்றாடியைச் சுழற்றிக் கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் அருமையான ஏற்பாடு அது. ஆனால் டர்போவோடு பிறந்த எஞ்சினுக்குப் பிஸ்டன், கேஸ்கெட், ஆயில் ஓட்டம், ரேடியேட்டர் எல்லாம் அதற்கேற்றபடி இருக்கும். நாலரை லட்சம் ஓடிய எஞ்சின் தலையில் அதை ஏற்றுவது, முழங்கால் வலிக்காரர் தலையில் நெல் மூட்டையை வைப்பது போல.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான். பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்குள் இருக்க வேண்டும். பம்பைக் கூட்டிய வண்டி அங்கேயே மாட்டும்.

வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் ஒன்றை மனதில் வையுங்கள். கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது. முதலில் அளந்து பாருங்கள், பிறகு பழுது பாருங்கள். மாற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

கடைசியாக, சொந்தக்காரர்களுக்கு. தம்பி யார் பேச்சைக் கேட்டு வண்டியைக் கெடுத்துக்கொண்டான் என்று அப்போது எல்லோரும் அவனைத் திட்டினீர்கள். அப்பா சாகும்வரை திட்டினார். அது என் பேச்சு. அவன் ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அரியாங்குப்பத்தில் உட்கார்ந்து பேத்தி போனில் இதைப் படிப்பான். நாளை காலை நேரிலும் போய்ச் சொல்லப் போகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.